ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்: கணக்கு மோசடியில் சேமிப்பைப் பறிகொடுக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம், கேடிஎம் ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்குக் கனமான ஒரு புத்தகத்தோடு வந்தார். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை அது. பளபளக்கும் அட்டை, உள்ளே தொழிற்சாலைப் படங்கள், தலைக்கவசம் அணிந்து சிரிக்கும் ஊழியர்கள்.

“தங்கச்சி, சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து இதில் போடலாம் என்று இருக்கிறேன். நல்ல கம்பெனியாகத்தான் தெரிகிறது” என்றார்.

“எதுவரை படித்தீர்கள், அண்ணா?”

“தலைவர் எழுதியிருக்கிறாரே, அதுவரை.”

தலைவரின் உரை பதினாறாம் பக்கத்தில் முடிகிறது. புத்தகம் இருநூற்று நாற்பது பக்கம். நான் அதை வாங்கிக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் இருபத்தைந்து வருடம் தணிக்கை வேலை பார்த்தேன். கற்றுக்கொண்டதில் முக்கியமானது இது: முன்பக்கங்கள் கம்பெனி ஆசைப்பட்டு எழுதுபவை, பின்பக்கங்கள் சட்டத்துக்காக எழுதியே தீர வேண்டியவை. பொய்க்கணக்கு எழுதும் கம்பெனிகூட, பின்பக்கக் குறிப்புகளில் எங்காவது ஓரிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த இடங்கள் எவை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை அந்த அண்ணனுக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

நம் மக்களுக்கு இது ஏன் அவசியம் என்பதற்கு ஒரே ஒரு நினைவூட்டல். மலேசிய இந்தியர் காங்கிரஸ் 1982இல் தொடங்கிய முதலீட்டுக் கம்பெனியான மைக்கா ஹோல்டிங்ஸில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போட்டார்கள். தோட்டப்புறக் குடும்பங்கள் சங்கிலியை அடகு வைத்துப் பங்கு வாங்கின. சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2010இல், பங்கு ஒன்றுக்கு 80 சென் தருவதாக ஒருவர் முன்வந்தபோது அதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். அது மோசடி வழக்கு என்று நான் சொல்லவில்லை. தலைமை தவறிய கதை. ஆனால் பங்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்? அந்த வேலையை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை: அதே கம்பெனியின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகள் (பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்), ஒரு பென்சில், ஒரு கால்குலேட்டர், இரண்டு மாலைப் பொழுது. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் பத்துக்கு மேல் இல்லை.

முதல் படி: கம்பெனி உண்மையில் இருக்கிறதா?

பணம் கேட்பது பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் இந்தப் படியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வாட்ஸ்அப்பிலோ உறவினர் வழியாகவோ வந்த “சென்டிரியான் பெர்ஹாட்”, அதாவது தனியார் கம்பெனி என்றால் இங்கேயே நின்று நிதானமாகப் பாருங்கள்.

எஸ்சி என்று எல்லோரும் சொல்லும் பங்குப் பத்திர ஆணையமும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தனித்தனியாக எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. இரண்டையும் பாருங்கள். பிறகு கம்பெனிப் பதிவாளரான எஸ்எஸ்எம்மிடம் அந்தக் கம்பெனியின் விவரத்தாளை வாங்குங்கள். தலைமையகம் கேஎல் சென்ட்ரலிலேயே இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரம். போக முடியாதவர்கள் இணையத்திலேயே வாங்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். இயக்குநர்கள் யார், பங்குகள் யாரிடம் இருக்கின்றன, எந்த வங்கிக்குச் சொத்து அடமானம், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணக்கே தாக்கல் செய்யாத கம்பெனிக்குப் பணம் தராதீர்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். புகார் வந்த பிறகுதான் பெயர் ஏறும்.

வாக்குறுதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பினாங்கில் தொடங்கி 2017இல் சரிந்த ஜேஜேபிடிஆர் திட்டம் மாதம் 20 சதவீதம் தருவதாகச் சொன்னது. மாதம் 20 சதவீதம் என்றால், எடுக்காமல் விட்ட 1,000 வெள்ளி ஒரே வருடத்தில் 8,900 வெள்ளியைத் தாண்டும். எந்த நேர்மையான தொழிலில் அப்படி வருகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தணிக்கையாளரின் அறிக்கை

புத்தகத்தின் பின்பாதியில் “இன்டிபெண்டென்ட் ஆடிட்டர்ஸ் ரிப்போர்ட்” என்ற தலைப்பைத் தேடுங்கள். முதல் பத்தியிலேயே முடிவு இருக்கும். “உண்மையான, நியாயமான தோற்றத்தைக் காட்டுகிறது” என்ற பொருளில் இருந்தால் அது சாதாரண நிலை. “குவாலிஃபைட்” என்ற சொல் வந்தால், இன்ன விஷயத்தைத் தவிர மற்றவை சரி என்று பொருள். “அட்வர்ஸ்” என்றால் கணக்கே தவறு. “டிஸ்க்ளெய்மர்” என்றால் ஆதாரம் கிடைக்காததால் கருத்தே சொல்ல முடியவில்லை என்று கைவிரித்துவிட்டார் என்று பொருள். இந்த மூன்றில் எது இருந்தாலும் புத்தகத்தை மூடிவிடலாம்.

“கோயிங் கன்சர்ன்” பற்றி ஐயம் எழுப்பும் பத்தி இருந்தால், கம்பெனி அடுத்த ஆண்டுவரை தாக்குப்பிடிக்குமா என்பதே சந்தேகம். அதற்குக் கீழே “கீ ஆடிட் மேட்டர்ஸ்” என்ற பகுதி வரும். 2016 இறுதியிலிருந்து, பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு இது கட்டாயம். எந்தெந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் அதிகம் மெனக்கெட்டார் என்று அவரே எழுதித் தரும் பகுதி. இதற்கு ஈடான வழிகாட்டி புத்தகத்தில் வேறில்லை. அங்கே எழுதியிருக்கும் விஷயங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டறிக்கைகளிலும் கையெழுத்திட்டவர் ஒருவர்தானா என்றும் பாருங்கள். அரசு முதலீட்டு நிதியான 1எம்டிபியின் முதல் தணிக்கை நிறுவனம் கணக்கில் கையெழுத்துப் போடும் முன்பே மாற்றப்பட்டது. இரண்டாவது சில ஆண்டுகளில் மாற்றப்பட்டது. பிறகு மூன்றாவது வந்தது. அந்த நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை பின்னால் கணக்குச் சொன்னது. தணிக்கையாளர் மாறுவது தவறில்லை, கட்டணம் குறைக்கவும் மாற்றுவார்கள். ஆண்டுக் கணக்கு முடியாத நேரத்தில், காரணம் சொல்லாமல் மாறினால்தான் கவலை.

கம்பெனியும் தணிக்கையாளரும் சண்டையிட்டால் எந்தப் பக்கம் நிற்பது? 2021 மே மாதம், எண்ணெய், எரிவாயுச் சேவைக் கம்பெனியான செர்பா டினாமிக்கின் விற்பனையிலும் வரவேண்டிய பாக்கியிலும் சந்தேகம் இருப்பதாக அதன் தணிக்கையாளர் கேபிஎம்ஜி சொன்னது. கம்பெனி அடுத்த மாதமே தணிக்கையாளர்மீது வழக்குப் போட்டது, அவர்கள் விலகினார்கள். 2020ஆம் ஆண்டுக்கு அறிவித்த 601 கோடி வெள்ளி வருமானம் பொய்யான அறிக்கை என்று டிசம்பரில் ஆணையம் குற்றம்சாட்டியது. 2022இல் அந்த வழக்கு கம்பெனிக்கும் தலைமை அதிகாரிக்கும் தலா 30 லட்சம் வெள்ளி தண்டத்தோடு முடித்துவைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் கம்பெனியையே கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தணிக்கையாளர் கேள்வி எழுப்பிய அன்றைக்கே வெளியேறியவர்கள் பாதியாவது காப்பாற்றினார்கள். “சும்மா புரளி, விலை இறங்கும்போது வாங்கிப் போடு” என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

மூன்றாம் படி: வங்கியில் இருப்பதாகச் சொல்லும் பணம்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் பொய் சொல்வது எல்லோருக்கும் தெரிந்தது. கையிருப்பு ரொக்கத்தில் யாராவது பொய் சொல்வார்களா, வங்கி இருக்கிறதே என்றுதான் நாம் நினைப்போம். பெரிய கொள்ளைகள் அங்கேதான் நடந்திருக்கின்றன.

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் கம்பெனி, பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று அறிவித்தது. நம் ஊரிலேயே, 1எம்டிபி சிங்கப்பூர் வங்கியில் வைத்திருப்பது ரொக்கம் என்று 2015இன் தொடக்கத்தில் சொன்னார்கள். சில மாதங்களில் அது ரொக்கம் அன்று, “யூனிட்டுகள்”, அதாவது முதலீட்டு அலகுகள் என்று திருத்தினார்கள். ஒரு சொல் மாறியதும் பல கோடிகளின் பொருள் மாறிவிட்டது.

சோதனை எளிது. சொத்து-பொறுப்பு அறிக்கையில் போன ஆண்டின் ரொக்கம், இந்த ஆண்டின் ரொக்கம் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். குறிப்புகளில் “இன்டரஸ்ட் இன்கம்” எவ்வளவு என்று தேடுங்கள். உதாரணமாக, 30 கோடியும் 34 கோடியும் இருந்தால் சராசரி 32 கோடி வெள்ளி. வட்டி வருமானம் 16 லட்சம் என்றால் அரை சதவீதம்தான். அந்த ஆண்டு உங்கள் ஊர் வங்கி வைப்புத்தொகைக்கு என்ன வட்டி கொடுத்தது என்று பாருங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால், அந்தப் பணம் வருடம் முழுவதும் அங்கே இல்லை. டிசம்பர் 31க்காகக் கடன் வாங்கி வைத்திருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். நடப்புக் கணக்கில் வைத்திருக்கிறோம் என்பது நியாயமான பதில்தான். ஆனால் 30 கோடியை வட்டியில்லாமல் நடப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அதே ஆண்டு வங்கியில் வட்டிக்குக் கடனும் வாங்கியிருந்தால் அந்தப் பதில் நிற்காது.

வட்டி “வரவேண்டியது” என்று எழுதியிருக்கிறதா, “வந்தது” என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சத்யத்தில் இல்லாத பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டியும் வரவேண்டியதாக எழுதி வைத்திருந்தார்கள். ரொக்க ஓட்ட அறிக்கையில் வட்டி உண்மையில் கைக்கு வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டால் இது பிடிபடும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், லெபோ அம்பாங்கில் ஒரு மாடிப்படி அலுவலகத்தில் இளநிலைத் தணிக்கை உதவியாளராக இருந்தேன். ஷா ஆலாம் பக்கம் ஒரு லாரிப் போக்குவரத்துக் கம்பெனியின் கணக்கு என் மேசைக்கு வந்தது. வங்கி இருப்பை உறுதிப்படுத்தும் கடிதம் வங்கியிலிருந்து நேராக எங்களுக்குத் தபாலில் வர வேண்டும்; அதுதான் விதி. அந்தக் கடிதம் கம்பெனியின் கணக்கு மேலாளர் கையில் வந்தது. உறையில் தபால் தலை இல்லை, உறையை ஒட்டவும் இல்லை. கடிதத்தின் அடியில் நீல மையில் ரப்பர் முத்திரை, அதில் ஒரு தேதி. சுவரில் தொங்கிய காலண்டரை நிமிர்ந்து பார்த்தேன். முத்திரையில் இருந்த தேதி ஞாயிற்றுக்கிழமை. சிலாங்கூரில் எந்த வங்கி ஞாயிற்றுக்கிழமை முத்திரை குத்துகிறது?

மேலிருந்தவரிடம் காட்டினேன். “வருடா வருடம் அவர்தான் கொண்டுவந்து தருகிறார், கோப்பில் வை” என்றார். எனக்கு இருபத்து நான்கு வயது. பச்சைப் பேனாவால் சரி என்று குறியிட்டுக் கோப்பில் வைத்தேன். பதினான்கு மாதம் கழித்துக் கம்பெனி பூட்டப்பட்டது. நாற்பது லாரி ஓட்டுநர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. பதினோரு மாதச் சேமநிதிச் சந்தாவும் கட்டப்படவில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் வரிசையில் நான்காவது வீடு. அவர் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தியைச் சொன்னார். நான் குறியிட்ட பச்சைக் கோடு எனக்கு இன்னும் தெரிகிறது.

நான்காம் படி: விற்றதாகச் சொன்ன பணம் வந்து சேர்ந்ததா?

“டிரேட் ரிசீவபிள்ஸ்” என்றால் சரக்கு கொடுத்துவிட்டோம், பணம் இன்னும் வரவில்லை என்று பொருள். பொய் விற்பனைக்குப் பணம் வராது; ஆகவே அந்தப் பொய் இந்த வரியில்தான் வந்து தேங்கும். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். வசூலுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும்.

முதல் ஆண்டு விற்பனை 10 கோடி, பாக்கி 2 கோடி: 73 நாள். இரண்டாம் ஆண்டு 13 கோடி விற்பனை, 5 கோடி பாக்கி: 140 நாள். மூன்றாம் ஆண்டு 16 கோடி, 9 கோடி: 205 நாள். விற்பனை ஏறுகிறது என்று முன்பக்கத்தில் வரைபடம் போட்டிருப்பார்கள். ஆனால் பாக்கிதாரர்கள் ஏழு மாதமாகப் பணம் தரவில்லை என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் ஒரே நிமிடத்தில் தலையை ஆட்டுவார்.

அடுத்து மூன்று ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். ரொக்க ஓட்ட அறிக்கையில் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணத்தையும் மூன்று ஆண்டுக்குக் கூட்டுங்கள். லாபம் தொடர்ந்து வர, பணம் தொடர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தால், காரணம் கேட்காமல் நகராதீர்கள். வேகமாக வளரும் கம்பெனிக்கு ஒரு வருடம் அப்படி ஆகலாம். கட்டுமானத் தொழிலில் இரண்டு வருடம்கூட ஆகும். மூன்றும் அப்படி என்றால் நான் போட மாட்டேன்.

டிரான்ஸ்மைல் விமானச் சரக்குக் கம்பெனியில் இதுதான் நடந்தது. அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியா போன்ற பெரிய பங்குதாரர்கள் இருந்தார்கள் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். 2007இல் விற்பனைக்கான ஆவணங்களைத் தணிக்கையாளர் கேட்டார், கிடைக்கவில்லை. சிறப்புத் தணிக்கை நடந்தபோது 50 கோடி வெள்ளிக்கு மேல் வருமானம் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது தெரிந்தது. பெரிய மனிதர் பணம் போட்டிருக்கிறார் என்பது நமக்கு ஆதாரம் ஆகாது. அவரும் நம்மைப் போல் அதே முன்பக்கத்தைப் படித்தவராக இருக்கலாம்.

ஐந்தாம் படி: பணம் யார் வீட்டுக்குப் போகிறது?

“ரிலேட்டட் பார்ட்டி” என்று தொடங்கும் குறிப்பு பெரும்பாலும் கடைசி இருபது பக்கத்துக்குள் வரும். இயக்குநர், அவர் குடும்பம், அவர்களின் வேறு கம்பெனிகள் ஆகியோரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் அங்கே இருக்கும். தலைவரின் மைத்துனர் கட்டடத்துக்கு வாடகை, மகன் கம்பெனிக்கு ஆலோசனைக் கட்டணம், வட்டியில்லாக் கடன், முன்பணம். தொகை சிறிதா பெரிதா என்பதைவிட, ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறதா, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். சத்யம் வீழ்வதற்கு மூன்று வாரம் முன்பு, தலைவரின் குடும்பத்தார் நடத்திய இரண்டு மய்தாஸ் கம்பெனிகளை வாங்க முயன்று, பங்குதாரர்கள் கொதித்த பிறகு பின்வாங்கியது. குடும்பத்துக் கம்பெனியை ஊரார் காசில் வாங்கப் பார்க்கிறார்கள் என்று அன்றே புரிந்துகொண்டு விற்றவர்கள் தப்பித்தார்கள்.

ஆறாம் படி: யார் காவல் இருக்கிறார்கள்?

இயக்குநர்களின் படங்களைத் தாண்டி, தணிக்கைக் குழுவின் அறிக்கையைப் படியுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனியில் அந்தக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பெரும்பான்மையோர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். எத்தனை கூட்டம் நடந்தது, யார் வரவில்லை என்று அட்டவணை இருக்கும். நிதி அதிகாரி ஏன் போனார்? ஒரே ஆண்டில் நிதி அதிகாரியும் தணிக்கைக் குழுத் தலைவரும் “சொந்தக் காரணங்களுக்காக” விலகியிருந்தால் எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

சுயேச்சை இயக்குநர் பதவி அலங்காரப் பதவி என்று நினைப்பவர்கள் டிரான்ஸ்மைலை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் தணிக்கைக் குழுவிலிருந்த இருவருக்கு 2011இல் கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் தலா 3 லட்சம் வெள்ளி அபராதமும் விதித்தது. நம் சங்கங்களில் பெயருக்காகப் பொறுப்பேற்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏழாம் படி: நீங்கள் உள்ளே வேலை செய்பவர் என்றால்

சான்றிதழ் பெற்ற மோசடி ஆய்வாளர்களின் உலகச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கண்டுபிடிக்கப்பட்ட மோசடிகளில் நூற்றுக்கு 43 யாரோ ஒருவர் சொன்னதால் வெளிவந்தவை. சொன்னவர்களில் பாதிக்கும் மேல் அதே கம்பெனியின் ஊழியர்கள். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதி அவர்களுக்கு.

முதலில் உங்கள் சேமநிதிக் கணக்கை, சேமநிதி வாரியத்தின் இணையச் சேவையான ஐ-அகாவுனில் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா? இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால் கம்பெனியில் ரொக்கம் இல்லை. முன்பக்கத்தில் எந்த லாபத்தை அச்சடித்திருந்தாலும் சரி.

தவறு கண்ணில் பட்டால் தேதி, தொகை, ரசீது எண், யார் கையெழுத்து, யார் சொல்லிச் செய்தீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பத்திரிகை நண்பரிடம் கொடுக்காதீர்கள். 2010 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் சொல்பவரைத்தான் காக்கிறது. வேறு இடத்தில் சொன்னால் அந்தக் காவல் கிடைக்காமல் போகலாம். பட்டியலிட்ட கம்பெனியின் கணக்கு என்றால் பங்குப் பத்திர ஆணையம், லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம், தனியார் கம்பெனியின் தாக்கல் என்றால் எஸ்எஸ்எம், கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவு ஆணையம். அலுவலக ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்களையே பொய் ரசீதில் கையெழுத்திட வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கேளுங்கள், ஏனென்றால் குற்றத்தில் பங்கிருந்தால் அந்தப் பாதுகாப்பே பறிபோகக்கூடும்.

இது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். பேங்க் பூமிபுத்ரா தன் ஹாங்காங் கிளை நிறுவனமான பிஎம்எஃப்பின் கடன்களை ஆராய அனுப்பிய ஜலில் இப்ராஹிம் 1983 ஜூலையில் அங்கே கொல்லப்பட்டார். உடல் ஒரு வாழைத்தோப்பில் கிடந்தது. ஹாங்காங்கின் கேரியன் வணிகக் குழுமத்துக்குக் கண்மூடிக் கொடுத்த கடன்களால் அந்த விவகாரத்தில் ஏறக்குறைய 250 கோடி வெள்ளி போயிற்று. கணக்குச் சரிபார்க்கப் போன ஒரு மனிதர் வீடு திரும்பவில்லை என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு இளைஞருக்கும் நான் சொல்வேன். பயமுறுத்த இல்லை. தனியாகப் போகாதீர்கள், எழுத்தில் போங்கள், சட்டம் காட்டும் வாசல் வழியாகப் போங்கள் என்று சொல்வதற்காக.

எட்டாம் படி: கேளுங்கள்

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நூறு பங்கு, அதாவது ஒரே ஒரு லாட் வாங்குங்கள். நீங்கள் பங்குதாரர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிட்டது. கூட்டத்துக்கு 21 நாளாவது முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். போக முடியாவிட்டால் பதிலாளை அனுப்பலாம். அதற்கான படிவம் 48 மணி நேரத்துக்கு முன்பே சேர வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு எழுப்பும் கேள்விகளையும் படித்துப் பாருங்கள். எப்படிக் கேட்பது என்பதற்கு நல்ல பயிற்சி.

கேள்வியில் கோபம் வேண்டாம். பக்க எண், குறிப்பு எண், இரண்டு தொகைகள், ஒரு கேள்விக்குறி போதும். “ஏன் மோசடி செய்கிறீர்கள்” என்று கேட்டால் மேடையிலிருப்பவர் வருத்தப்பட்டுக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

கேடிஎம் அண்ணன் அப்படித்தான் செய்தார். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இரண்டு மாலை கணக்குப் போட்டு, தன் கையாலேயே எழுதினார். ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை:

“பக்கம் 171இல் வரவேண்டிய பாக்கி போன ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. விற்பனை நூற்றுக்குப் பன்னிரண்டுதான் கூடியிருக்கிறது. இந்தப் பாக்கியில் ஆண்டு முடிந்த பிறகு இன்றுவரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது? பாக்கிதாரர்களில் எவராவது இயக்குநர்களுக்கு உறவா?”

கம்பெனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கூட்டத்திலும் எழுந்து வாசித்தார். எழுத்தில் பதில் தருவோம் என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: விவரங்கள் ஆண்டறிக்கையின் குறிப்பு 14இல் உள்ளன. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறிப்பு 14ஐ மூன்று முறை படித்தார். வசூல் தொகை அதில் இல்லை. பாக்கிதாரர்கள் பெயரும் இல்லை.

அந்தப் பதிலை ஆண்டறிக்கையின் 171ஆம் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். நூறு பங்கும் அவரிடமே இருக்கிறது, அடுத்த ஆண்டும் கேட்க வேண்டும் என்பதற்காக. சேமநிதிப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.